மீரா சாகிப் கத்தாத முப்பது நாள்

மீரா சாகிப் முப்பது நாள் தொடர்ந்து யாரையும் பார்த்து ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

நம்ப முடியவில்லை அல்லவா? பினாங்குப் பாலம் எழுந்து நடந்துபோய்ப் பட்டர்வொர்த்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியது என்று சொன்னால்கூட ஜார்ஜ் டவுன்காரர்கள், “எத்தனை மணிக்கு?” என்றுதான் கேட்பார்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

மீரா சாகிப்பின் தொண்டை அப்படிப்பட்டது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணும் வேலை அவருக்கு. கப்பல் சங்கு கெட்டுப்போன நாள்களில் கேப்டன்கள் அவரைத் தேடித்தான் ஆள் அனுப்பினார்கள். அவர் வீட்டு வாசலில் நின்று பேப்பர்காரனைத் திட்டினால், கொம்தார் கோபுரத்தின் அறுபதாவது மாடியில் கண்ணாடி துடைப்பவர் கீழே எட்டிப் பார்த்து, “என்னையா கூப்பிட்டீங்க?” என்பார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிவிட்டது. தொண்டை மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

வினை வந்தது பட்டர்வொர்த்தில் நடந்த ஒரு கல்யாணத்தில். மகள் அதிராவின் மாமியார் வழிச் சொந்தம். சாப்பாட்டு மேசையில் தால்ச்சா வந்தது. மீரா சாகிப் ஒரு கரண்டி வாயில் வைத்தார். எழுந்து நின்றார்.

“இது தால்ச்சாவா, பருப்பு குளிச்ச தண்ணியா?”

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் பக்கத்து மண்டபத்தில் ஒரு சீனக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அங்கே பரிமாறிக்கொண்டிருந்தவர் பயந்துபோய், வைத்த சூப்பையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஃபெர்ரியில் வீடு திரும்பினார்கள். மனைவி மஹ்பூபா உள்ளே நுழைந்து கைப்பையை வைத்தபோது சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

“இன்னிலேருந்து முப்பது நாள். ஒரே ஒரு தடவை நீங்க கத்தினாலும் நான் நிபோங் திபாலுக்குப் போயிடுவேன், மக வீட்டுக்கு. போனா வர மாட்டேன்.”

“முப்பது நாளா? நோன்பு மாதிரியா?”

“நோன்பையாவது சாயந்தரம் திறக்கலாம். இதுல அதுவும் கிடையாது.”

சாட்சிக்கு எதிர்வீட்டு அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மீரா சாகிப்பின் நாற்பது வருட நண்பர். நண்பருக்குச் சாதகமாக ஒரு பொய்கூடச் சொல்லாதவர் என்று தீவு முழுக்கப் பெயர் வாங்கியவர்.

“என்ன வேணாலும் நடக்கும் தங்கச்சி. இது நடக்காது” என்றார் அய்யாக்கண்ணு. “நாளைக்குக் காலையில பேப்பர் வர்ற வரைக்கும் தாங்கினாலே நான் மொட்டை போட்டுக்கறேன்லா” என்று பினாங்குக்காரர்களின் ‘லா’ போட்டு முடித்தார்.

“உன் தலையில போடறதுக்கு என்ன இருக்கு?” என்று மீரா சாகிப் தொடங்கினார். மஹ்பூபா பார்த்தாள். குரலைப் பாதியில் விழுங்கினார்.

மஹ்பூபா இல்லாத வீட்டை அவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். சமையலறை விளக்கின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. தேடிப் பிடித்துப் போட்டால்தான் என்ன? அந்த வெளிச்சத்தில் அவள் இருக்கமாட்டாள்.

அப்படிப் பயந்துபோய்க் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டோயிக் ஞானிகள் அவருக்குக் கிடைத்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால், கிரேக்க நாட்டில், தூண் மண்டபத்தில் நின்றுகொண்டு பேசியவர்கள். ஒரே மூச்சில் பதினொரு காணொளி பார்த்து முடித்தார். எது உன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார், இல்லாததற்காகக் குதிக்காதே. காலையில் எழுந்ததும், இன்றைக்கு என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று நினைத்துப் பார்த்துவிடு. நடந்தால் அதிராமல் இருப்பாய். இதுவே கடைசி நாள் என்பதுபோல நடந்துகொள். படுக்கும் முன் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்.

“இதைத்தானே எங்க கோயில்லயும் சொல்றாங்க, உங்க பள்ளிவாசல்லயும் சொல்றாங்க?” என்றார் அய்யாக்கண்ணு. “அங்கெல்லாம் தூங்கிட்டு, கிரீஸ் வரைக்கும் போய்க் கேட்டுட்டு வர்றியே பாய்.”

“சொன்னதுக்கு நன்றி கண்ணு” என்றார் மீரா சாகிப்.

அய்யாக்கண்ணு முதல் தடவையாகத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதல் சோதனை தம்பி யூசுப்பின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் வந்தது. மத்தியான நேரம். வரிசை தெருவுக்கு வந்து, முனை திரும்பி, அடுத்த தெருவில் இன்னொரு கடையின் வரிசையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மீரா சாகிப் ஐம்பது நிமிடம் நின்று முன்னால் வந்து சேர்ந்தார்.

“யூசுப்பே, நாப்பது பொட்டலம்! ஆபீஸ் மீட்டிங்!” என்று ஒருவன் அவர் தோளை இடித்துக்கொண்டு முன்னால் புகுந்தான்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அனுபவசாலிகள் குனிந்துகொண்டார்கள்.

மீரா சாகிப் கண்ணை மூடினார். இந்த ஆள் என் கையில் இருக்கிறானா? இல்லை. என் நாக்கு? அது வாயில் இருக்கிறது; ஆனாலும் கையில் இருப்பதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

“போங்க தம்பி. பசி எல்லாருக்கும் பொதுதானே. நிக்கறதுக்கு எனக்கு ரெண்டு கால் இருக்கு. அதை ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி.”

யூசுப்பின் கையிலிருந்த அகப்பை மீன் தலைக் குழம்புக்குள் விழுந்து முழுகியது. நாற்பது பொட்டலக்காரன் மீரா சாகிப்பின் முகத்தைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான்.

மூன்றாம் நாள் காலை மஹ்பூபா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“நன்றி மஹ்பூபா.”

“என்ன சொன்னீங்க?”

“தேத்தண்ணி போட்டியே, அதுக்கு நன்றி.”

நம் வீடுகளில் நன்றி என்பது கையில் மைக் இருக்கும்போது சொல்வது. பெண்டாட்டிக்கு யார் நன்றி சொல்வார்கள்? முப்பத்தெட்டு வருடத்தில் அவள் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை ஊற்றி வைத்திருந்தால் இந்நேரம் ஃபெர்ரி ஓட்டலாம். ஒரு கோப்பைக்குக்கூட அந்தச் சொல் வந்ததில்லை. “சூடு பத்தல!” என்று ஒரு கத்தல் வரும். அவள் உள்ளேயிருந்து, “வாய் இருக்கிற சூடு போதாதா?” என்பாள். அப்புறம்தான் அந்த வீட்டில் பொழுது விடியும்.

மஹ்பூபா புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மகளுக்குப் போன் போட்டாள்.

“அதிரா, உங்க அத்தா எனக்கு நன்றி சொல்றாரு.”

“அலாமாக்! டாக்டர்கிட்டக் காட்டினீங்களா உம்மா?”

இரண்டு நாள் கழித்து வந்த தேத்தண்ணியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு இருந்தது. ஒரு சிட்டிகை இல்லை. வெல்ட் கீ துறைமுகக் கடல் பொறாமைப்படும் அளவுக்கு இருந்தது. மஹ்பூபா கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

மீரா சாகிப் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டார்.

“உப்பும் ஒரு ருசிதானே. தினமும் சர்க்கரை கிடைச்சதோட அருமை இன்னிக்குத்தான் தெரியுது. நன்றி மஹ்பூபா.”

மஹ்பூபா சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள்.

எட்டாம் நாள் மீரா சாகிப் காடியை (பினாங்கில் காருக்கு அதுதான் பெயர்) எடுக்கப் போனார். குறுக்கே ஒரு வேன் நின்றது. அய்யாக்கண்ணுவின் மருமகன் வேன். ஆளும் இல்லை, கண்ணாடியில் போன் நம்பரும் இல்லை. ஜார்ஜ் டவுனில் இப்படிக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போகிறவனை என்ன சொல்லித் திட்டுவது என்பதற்குத் தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மீரா சாகிப்புக்கு மூன்றிலும் முழுத் தேர்ச்சி.

அவர் காடிக்குள் ஏறி உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திரை நாலு தடவை விலகி மூடியது. கடைசியில் அய்யாக்கண்ணுவே தாங்காமல் வெளியே வந்தார்.

“ஒரு ஹாரன்கூட அடிக்கலையே பாய்?”

“அவசரம் காடியில இல்ல கண்ணு, மனசுலதான் இருந்தது. இறக்கி வச்சுட்டேன். ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்து எத்தனை வருஷமாச்சு! உன் மருமகனுக்கு என் நன்றியைச் சொல்லு.”

அய்யாக்கண்ணு வீட்டுக்குள் போய் இரண்டு குவளை தண்ணீர் குடித்தார்.

அதற்கடுத்த வாரம் காப்பிக் கடையில் நாலு பேருக்கு முன்னால் வைத்து அவர் மீரா சாகிப்பின் அடிமடியிலேயே கை வைத்தார்.

“பாய் துறைமுகத்துல பெட்டி எண்ணின லட்சணம் எனக்குத் தெரியாதா? நூறு பெட்டி இறங்கினா தொண்ணூறு எண்ணுவாரு. மிச்சப் பத்துல சாஞ்சு தூங்குவாரு.”

காப்பிக் கடைக்காரர் கண்ணாடிக் குவளைகளை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

“இருக்கும் கண்ணு” என்றார் மீரா சாகிப். “முப்பத்திரண்டு வருஷம் எண்ணினேன். ஒண்ணு ரெண்டு விட்டுத்தான் போயிருக்கும். தலைக்கனம் ஏறாம பாத்துக்கறியே, நன்றி.”

அய்யாக்கண்ணுவுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டியது மீரா சாகிப்தான்.

இதற்குள் தெருவே நிலைகுலைந்து கிடந்தது. காலை ஏழு மணிக்கு மீரா சாகிப் பேப்பர்காரனைத் திட்டும் சத்தத்தில்தான் அந்தத் தெருவில் பதினேழு வீட்டுப் பிள்ளைகள் எழுந்து பள்ளிக்கூடம் போனார்கள். இப்போது பதினேழு வீட்டுப் பிள்ளைகளும் தாமதமாகப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் முட்டிபோட்டு நின்றார்கள். அவர் சத்தத்துக்குப் பயந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருந்த பூனைகள் திரும்பி வந்து, அவர் வீட்டுப் படியிலேயே குட்டி போட்டன. பேப்பர்காரனுக்கோ ராத்தூக்கம் போயிற்று. “அங்கிள், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? ஏன் திட்ட மாட்டேங்கறீங்க?” என்று ஒருநாள் வாசலில் நின்று கேட்டே விட்டான்.

இருபதாம் நாள் காலை, மீரா சாகிப் முகம் கழுவிவிட்டு வழக்கம்போல அன்றைய கெட்டதை நினைத்துப் பார்த்தார். மனதுக்குள் நினைக்கத்தான் ஞானிகள் சொன்னார்கள். அவருக்கு மனதுக்குள் என்று ஒரு குரல் கிடையாது.

“இன்னிக்கு இந்தக் கூரை விழலாம். மழை பெய்யலாம். நான் போய்ச் சேரலாம். மஹ்பூபா தனியா நிக்கலாம். சரி, நடக்கறது நடக்கட்டும்.”

திரைக்குப் பின்னால் மஹ்பூபாவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

“என்னங்க பேசறீங்க? உங்களுக்கு என்ன செய்யுது?”

அவளைத் தேற்ற வேண்டும். எப்படித் தேற்றுவது? மீரா சாகிப் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவும் முப்பத்தெட்டு வருடத்தில் பகல் வெளிச்சத்தில் நடந்ததில்லை.

“பயப்படாதே மஹ்பூபா. எல்லாரும் ஒருநாள் போறதுதானே. உன் கையால இவ்வளவு காலம் தின்னிருக்கேன், குடிச்சிருக்கேன். எல்லாத்தையும் ஹலாலாக்கிடு.”

தேற்றுவதற்கு இதைவிட மோசமான சொற்களை அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. எங்கள் பக்கத்தில், தின்றது குடித்ததை ஹலாலாக்கச் சொல்வது, அதாவது கடனில்லாமல் மன்னித்துவிடச் சொல்வது, இரண்டே பேர். ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர். இன்னொருவர், திரும்பி வராத ஊருக்குப் புறப்படுகிறவர். மீரா சாகிப் ஹஜ்ஜுக்குப் போய் வந்து ஒன்பது வருடமாகிவிட்டது.

மஹ்பூபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளி விடுமுறை என்பதால் டீச்சர் அதிரா அன்றைக்கே நிபோங் திபாலிலிருந்து காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அத்தா, வாங்க கிளினிக்குக்கு.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வந்ததுக்கு நன்றி.”

“ஐயோ உம்மா, எனக்கும் சொல்றாரு!”

டாக்டர் சோதித்துப் பார்த்தார். இருபது வருடமாக மீரா சாகிப்பின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தன் ரத்த அழுத்தம் ஏறியவர் அவர். கருவியைத் தட்டிப் பார்த்தார். வேறு கருவி கொண்டுவரச் சொன்னார்.

“நூத்துப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. என்னைவிட நல்லா இருக்கு. எப்படி அங்கிள்?”

மீரா சாகிப்புக்குப் பெருமை. மஹ்பூபாவுக்கு அந்த நம்பரைக் கேட்டதும் கண் கலங்கியது.

“எண்ணெய் தீரப் போற விளக்குத்தான்மா பிரகாசமா எரியும்” என்று மகளிடம் கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசு அன்று மாலையே அய்யாக்கண்ணுவின் காதுக்குப் போயிற்று.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! சோற்றுச் சட்டியோடு ஆள்கள் வரத் தொடங்கினார்கள். புலாவ் வந்தது, கோழிக் குருமா வந்தது, எதிர்வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தது, மூலைவீட்டுச் சீனக் கிழவர் முள் டுரியான் பழம் கொண்டுவந்து மார்போடு அணைத்துக்கொண்டார், டுரியானை அல்ல, மீரா சாகிப்பை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில், “நம் சகோதரர் ஒருவர் உடல்நலமில்லாமல் இருக்கிறார்” என்று சொல்லி குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதினார்கள். மீரா சாகிப்பும் முதல் வரிசையில் உட்கார்ந்து, யாருக்கென்று தெரியாமல், கண்ணீர் மல்க ஓதிவிட்டு வந்தார்.

முப்பதாம் நாள் விடிந்தது. மத்தியானம் மூன்று மணிக்குள் வீடு கொள்ளாத கூட்டம். மீரா சாகிப்பை நடுக்கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துக் காலுக்குப் போர்வை போர்த்திவிட்டார்கள். வெளியில் முப்பத்து நாலு டிகிரி வெயில்.

பள்ளிவாசல் செயலாளர் ஹக்கீம்தான் முதலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். போகிறவரிடம் இப்போது மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்காவிட்டால் பிறகு எங்கே போய்க் கேட்பது?

“காக்கா” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். “போன கமிட்டித் தேர்தல்ல உங்களுக்கு எதிரா எட்டுப் பேர் கை தூக்கினதாச் சொன்னோம்.”

“ஆமா.”

“பதினாலு பேர். மொத்தமே பதினஞ்சு பேர்தான். என்னை மாப்பு செஞ்சுடுங்க.”

“அந்தப் பதினஞ்சாவது ஆள்?”

“அவரு அன்னிக்கு லீவு காக்கா.”

மீரா சாகிப்பின் கழுத்து நரம்பு ஒன்று மெதுவாக எழுந்தது. பதினாலு கை. அவை யார் கையில் இருந்தன? அவரவர் கையில். “மாப்பு செஞ்சேன். உண்மையைச் சொன்னதுக்கு நன்றி.”

அடுத்து பக்கத்து வீட்டு ஹைக்கல்.

“அங்கிள், உங்க புதுக் காடியில ஒரு நீளக் கோடு விழுந்ததே. நீங்ககூட மூணு மாசம் பூனைகளைத் திட்டினீங்க.”

“பூனைதானே?”

“என் மோட்டார் சைக்கிள்.”

இரண்டாவது நரம்பு எழுந்தது. கூடத்தில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். அய்யாக்கண்ணு நாற்காலி நுனிக்கு வந்தார். மஹ்பூபா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

“மாப்பு செஞ்சேன். பூனைங்ககிட்டத்தான் நான் மாப்புக் கேக்கணும்.”

மீரா சாகிப்புக்குத் தன் இக்கட்டு நன்றாகப் புரிந்தது. “எனக்கு ஒண்ணும் இல்லைங்கடா, எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போங்கடா!” என்று ஒரே ஒரு கத்தல் கத்தினால் போதும். மறு நிமிடம், ஆள் கல்லு மாதிரி இருக்கிறார் என்று எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்துவிடுவார்கள். மஹ்பூபாவும் போய்விடுவாள். வாசலில் அதிராவின் காடி நிற்கிறது. பின்சீட்டு காலியாக இருக்கிறது. கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி யூசுப் வந்தான். கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்திருந்தான். காலைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

“காக்கா! நம்ம வாப்பாவோட மசாலா...”

“என்னடா அதுக்கு?”

வாப்பாவின் மசாலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை ஆட்டுக்கல்லில் அரைக்கும்போது வரும் வாசனைக்குக் கப்பல்கள் பாதை மாறித் துறைமுகத்துக்குள் வந்துவிடும் என்று மீரா சாகிப் நாற்பது வருடமாகச் சொல்லி வந்தார். தினமும் யூசுப் கடையில் சாப்பிட்டுவிட்டு, கையை முகர்ந்து பார்த்து, “இதுதான்டா பரம்பரை!” என்று எழுந்துகொள்வார்.

“பதினோரு வருஷமா அரைக்கல காக்கா. முதுகு முடியல. பாக்கெட் மசாலா.”

கூடத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈயும் உட்கார்ந்துவிட்டது.

மீரா சாகிப்பின் முகம் சிவந்தது, கறுத்தது, பிறகு ஊர் அறியாத ஒரு நிறமாயிற்று. கழுத்தில் எழுந்து நிற்க இனி நரம்பு பாக்கியில்லை. வாய் திறந்தது. மார்பு விரிந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் லேசாக ஆடின. மஹ்பூபா ஓரடி முன்னால் வந்தாள். அவள் கண்ணில் அப்போது தெரிந்தது பயம் மாதிரியே இல்லை.

கிரேக்க ஞானிகளே! இது என் கையில் இருக்கிறதா? இல்லை. யூசுப்பின் கையில் இருந்தது. அவன் கையில் இருந்தது பாக்கெட்.

அப்போதுதான் அவர் தம்பியின் தலையைப் பார்த்தார். உச்சியில் முடி எல்லாம் போய், ஓரத்தில் வெள்ளையாய்க் கொஞ்சம். இந்தப் பயலுக்கு எப்போது வயதாயிற்று? பதினோரு வருடமாகத் தினமும் மத்தியானம், அண்ணன் கையை முகர்ந்து பார்க்கும்போதெல்லாம், இவன் நெஞ்சு எத்தனை தடவை அடித்துக்கொண்டிருக்கும்! கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது ஐம்பது முகம். எல்லாம் அவர் சத்தத்தில் அடிபட்ட முகம். ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. இருபத்தொன்பது நாளும் வாயால் சொல்லி வந்த நன்றி அப்போதுதான் கீழே இறங்கி நெஞ்சில் போய்ச் சேர்ந்தது.

“யூசுப்பே” என்றார். “பாக்கெட்டுலயே இந்த ருசி வந்துச்சுன்னா, மிச்சம் உன் கைதான்டா. பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்டியே. நன்றிடா தம்பி.”

இதுவரை பாடத்துக்காகச் சொன்ன நன்றி இல்லை இது. யூசுப் ஓவென்று அழுதான். கூடமே மூக்கை உறிஞ்சியது. ஹக்கீம் இன்னும் ஏதோ ஞாபகம் வந்தவர்போல மறுபடி வரிசையில் நின்றுகொண்டார்.

மஹ்பூபா மட்டும் அழவில்லை. நாற்காலியின் அருகில் வந்து குனிந்தாள்.

“எனக்கும் உங்ககிட்ட மாப்புக் கேக்க ஒண்ணு இருக்கு. எல்லாரும் போகட்டும், சொல்றேன்.”

கடிகாரம் ஐந்து அடித்தது.

மீரா சாகிப் போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றார். “முப்பது நாள் முடிஞ்சுது. எனக்கு ஒரு நோயும் இல்ல, நான் எங்கேயும் போகல. நான் கத்தாம இருந்தது என் பொண்டாட்டி என்னை விட்டுப் போகக்கூடாதுன்னுதான்” என்று, மெதுவாக, அவருக்கே அடையாளம் தெரியாத குரலில் சொன்னார்.

யாரும் நம்பவில்லை. “பாவம், பிதற்றல் ஆரம்பிச்சுடுச்சு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அதிரா திரும்பினாள். “அய்யாக்கண்ணு மாமா, நீங்கதான் சாட்சி. நீங்கதான் நம்பவே நம்பாதவர். நீங்களே சொல்லுங்க. இந்த முப்பது நாள்ல அத்தா ஒரு தடவையாவது கத்தினாரா?”

அய்யாக்கண்ணு எழுந்தார். நண்பரைப் பார்த்தார். மஹ்பூபாவைப் பார்த்தார். மஹ்பூபா, “வேண்டாம், வேண்டாம்” என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் நாற்பது வருடமாக நண்பருக்காக ஒரு பொய்கூடச் சொல்லாத வாய். ஒரு மாதமாகச் சொன்ன பொய்கள் தொண்டையில் முட்டிக்கொண்டிருந்தன.

“கத்தலம்மா, சத்தியமா ஒரு தடவைகூடக் கத்தல! ‘இவரு சத்தம் இல்லாம வீடு செத்துக் கிடக்குண்ணே, கத்தினாத்தான் உசுரோட இருக்காருன்னு எனக்குத் தூக்கம் வரும், எப்படியாவது ஒரு தடவை கத்த வச்சுடுங்க’ன்னு மூணாம் நாளே உங்க உம்மா என்கிட்ட வந்து அழுதுச்சு. நான் வேனைக் குறுக்கே நிறுத்தினேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன், ஆளுக்கு நாள் நெருங்கிடுச்சுன்னு ஊர் பூராவும் சொல்லி இத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தேன், தேத்தண்ணியில உப்பை உங்க உம்மாவே அள்ளிப் போட்டுச்சு. என்னால முடியல தங்கச்சி, உன் புருஷன் நிஜமாவே கத்தலலா!”